இழுப்பு

கரண்ட் போன பிறகும் ஒரு சத்தம் மட்டும் நிற்கவில்லை.

மாதத்தில் ஒரு நாள், பராமரிப்புக்கென்று காலை ஒன்பது மணிக்கு மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு மட்டும் காசிராஜன் குடியிருக்கிற தெரு ஊமையாகிவிடும். இருபுறமும் விசைத்தறிக் கூடங்கள். ஊடு நூலைச் சுமக்கிற நாடா இந்தப் பக்கம் அடித்து அந்தப் பக்கம் அடித்து, பகலும் இரவும் சுவரில் ஆணி அறைகிற மாதிரி ஓடிக்கொண்டிருக்கிற தறிகள், தெருக்கோடியிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாகத் தளர்ந்து வந்து, கடைசியில் அவன் வீட்டை ஒட்டிய கூடமும் நிற்கும். மின்விசிறி சோம்பலாக நாலு சுற்றுச் சுற்றி ஓயும். பிரிட்ஜ் ஒரு குலுக்குக் குலுங்கி அடங்கும். அதற்குப் பிறகு வருகிற அமைதியில் பஞ்சுத் தூசி தரையில் இறங்குவதுகூடக் காதில் விழும் என்று தோன்றும்.

மாசி மாதத்து வெள்ளிக்கிழமை அது. வேலை இல்லாததால் காசிராஜன் முன்னறையில் சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். மனைவி வேல்விழி, சுற்றிக் கட்டிய பீடியைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு கடையில் கொடுத்துவரப் போயிருந்தாள். வீட்டில் வேறு யாரும் இல்லை. எட்டு மாதமாக வேறு யாரும் இல்லை.

ஊசி நுழைகிற அளவுக்கு மெல்லிசாக, கீச்சென்று, ஒரு சத்தம் வந்தது. நின்றது. மறுபடி வந்தது.

குக்கராக இருக்கும் என்று அடுப்படிக்குப் போனான். அடுப்பு குளிர்ந்து கிடந்தது. குழாயை இறுக்கி மூடினான். ஜன்னல் கம்பிவலையில் காற்று நுழைகிறதோ என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். வெளியே வேப்பமரத்தில் ஓர் இலை அசையவில்லை. போனை அணைத்துப் போட்டான். சத்தம் போகவில்லை. கொஞ்சம் ஏறும், ஏறி ஓரிடத்தில் சிக்கியது மாதிரி நிற்கும், பிறகு நீளமாக இறங்கும். இரண்டு மணிக்குக் கரண்ட் வந்து தறிகள் ஒவ்வொன்றாக உயிர்பெற்றபோதுதான் அது அவற்றுக்கு அடியில் போய் மறைந்தது.

வேல்விழி திரும்பி வந்ததும் கேட்டான். "ஏட்டி, வீட்டுக்குள்ள விசில் மாதிரி ஏதாவது கேக்குதா ஒனக்கு?"

கேட்ட பிறகுதான் அந்த வார்த்தை வாயில் உறைத்தது. எட்டு மாதமாக அந்த வீட்டில் யாரும் சொல்லாத வார்த்தை.

அவள் வெற்றுத் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள். "ஒண்ணும் கேக்கல. தறிச் சத்தந்தான்" என்றாள். பிறகு அடுப்படிக்குள் போய், அங்கே வேலை ஒன்றும் இல்லாவிட்டாலும், வெகுநேரம் வெளியே வரவில்லை.

அவர்களுடைய மகள் காவியாவுக்கு ஆறு வயது நடந்துகொண்டிருந்தது. பிறந்த மறு வருடத்திலிருந்தே இழுப்பு. தறித்தெருவில் பஞ்சுத் தூசி இல்லாத மூச்சு கிடையாது. டாக்டர் வேறு இடம் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், பார்க்கலாம் என்று இவர்களும் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். காசிராஜனுக்குப் பிழைப்பு இங்கேதான். இளையரசனேந்தல் பக்கம் அப்பாவின் மானாவாரி நிலத்தில் மழை பொய்த்துப்போன வருடம், பத்தொன்பது வயதில் தறிக்கு வந்தவன் அவன். இருபது வருடமாக ஒரே ஆள் எட்டுத் தறிகளைப் பார்க்கிறான். வீட்டில் பேசும்போதுகூட அவன் குரல் தெருவுக்குக் கேட்கும். தறிக்காரர்கள் எல்லோருமே அப்படித்தான் என்று யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

பிள்ளை இரண்டு வயதில் இழுத்தது அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. நெஞ்சுக்குள் யாரோ விசில் ஊதுகிற மாதிரி இருக்கும். நான்கு வயதுக்கு மேல் அது குறைந்துவிட்டது என்று நினைத்திருந்தான். வேல்விழிதான் திடீரென்று எழுந்து உட்கார்ந்து, மருந்து பம்பை எடுத்துப் பிள்ளையின் வாயில் வைப்பாள். பயந்த பொம்பளை, சும்மா சும்மா எழுந்திருக்கிறாள் என்று திரும்பிப் படுத்துக்கொள்வான்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, இதே போலக் கரண்ட் நிறுத்திய ஒரு நாள். பிள்ளைக்கு முந்தின நாளிலிருந்து சளி. வேல்விழி பீடித்தட்டைத் தலையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்று சொன்னாள்: "நெஞ்சுல விசில் சத்தம் கேட்டுச்சின்னா ரெண்டு தடவை பம்ப் அடிச்சி விடுங்க. கேக்கலன்னா ஒறங்கட்டும், எழுப்பாதிங்க."

அவன் அசட்டையாக இருக்கவில்லை. அதுதான் அவனை இன்றைக்கும் தின்றது. பாயில் பிள்ளை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். போர்வையை இழுத்துவிட்டான். மூன்று தடவை குனிந்து அவள் முதுகில் காதை வைத்துப் பார்த்தான். ஒரு சத்தமும் இல்லை. ஊரே நின்றுபோன அந்த அமைதியில், அவன் காதுக்கு எட்டியவரை, பிள்ளை அமைதியாக உறங்கினாள். சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்தபடியே கையை மட்டும் பின்னால் நீட்டி, அவன் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டாள். இறுக்கமாகப் பிடித்தாள். விட்டாள். மறுபடி பிடித்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்தான். சந்தோஷமாக இருந்தது. அந்தப் பிடி தளர்ந்த பிறகும், எழுந்துவிடப் போகிறாள் என்று விரலை அசைக்காமல் அரை மணி நேரம் அப்படியே வைத்திருந்தான்.

வேல்விழி வந்து போர்வையை விலக்கினாள்.

பிறகு வந்த நாட்களில் அவள் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள். "சத்தம் வந்துச்சா?" அவன் உண்மையைத்தான் சொன்னான். "சாமி சத்தியமா வரல வேலு. நல்லா ஒறங்குனா." சில நேரம் சத்தமே இல்லாமலும் வரும், யாரும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று ஆஸ்பத்திரியில் யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இரண்டு பேரும் ஒரே வீட்டில் சோறு தின்றார்கள்.

மாசி மாதத்துக்குப் பிறகு அந்தக் கீச்சுச் சத்தம் அவனை விடவில்லை. தறி ஓடும்போது இல்லை. எங்கே அமைதி இருந்ததோ அங்கே இருந்தது. விடியற்காலையில் டீக்கடை திறப்பதற்கு முன்னால் இருந்தது. கோமதியம்மன் சந்நிதிக்குப் போகிற பிரகாரத்தில், ஆள் இல்லாத மத்தியானத்தில், கல்தூணுக்குக் கல்தூண் கூட நடந்துவந்தது. ஒரு நாள் வேல்விழியிடம் முதலாளி வேலையாக அனுப்புகிறார் என்று பொய் சொல்லிவிட்டுத் திருநெல்வேலி பஸ் ஏறினான். பனவடலிசத்திரம் தாண்டியதும் இருபுறமும் காற்றாலைகள் சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தன. சத்தமில்லாமல்தான் சுற்றுகின்றனவா, தனக்குத்தான் கேட்கவில்லையா என்று அன்றைக்குத்தான் முதல்முறையாக நினைத்தான்.

காது ஆஸ்பத்திரியில் பரிசோதனை செய்தது ஜெஸ்லின் என்கிற இளம்பெண். பஞ்சு ஒட்டிய சுவர்கள் உள்ள சின்ன அறைக்குள் அவனை உட்கார்த்தி, காதில் கருவியை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள்.

"சத்தம் கேட்டா மட்டும் அமுக்குங்க அண்ணாச்சி. லேசாக் கேட்டாலும் அமுக்கணும்."

கதவு மூடியது. முதலில் தூரத்து மேளம் மாதிரி கனத்த சத்தங்கள். அமுக்கினான். பிறகு சங்கு மாதிரி. அமுக்கினான். அதற்குப் பிறகு ஒன்றும் வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்தான். டீ குடிக்கப் போய்விட்டாளோ என்று கண்ணாடி வழியே பார்த்தான். அவள் போகவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரல் கருவியின் மேல் அமுக்கிக்கொண்டிருந்தது. மறுபடி. மறுபடி. குமிழைத் திருகிக் கூட்டிவிட்டு மறுபடி. ஒவ்வொரு தடவையும் ஒரு சின்ன விளக்கு எரிந்தது. ஒவ்வொரு தடவையும் அவனுக்கு அந்தப் பஞ்சு அறைக்குள் எதுவும் கேட்கவில்லை. அந்த மெல்லிய கீச்சைத் தவிர. ஏறி, சிக்கி, இறங்கி.

வெளியே வந்ததும் ஒரு காகிதத்தைக் காட்டினாள். கோடு கொஞ்ச தூரம் சமமாக வந்து, பிறகு கிணற்றில் விழுந்த மாதிரி இறங்கியிருந்தது.

"காதுக்குள்ள நத்தைக்கூடு மாதிரி ஒண்ணு இருக்கு அண்ணாச்சி" என்று காகிதத்தின் ஓரத்தில் சுருளாக வரைந்தாள். "ஒவ்வொரு சத்தத்துக்கும் அதுல ஒரு எடம். கீச்சுன்னு வர்றது வாசல்லயே. கனத்த சத்தமெல்லாம் உள்ள, சுருள் முடியிற எடத்துல. தறிச் சத்தம் வாசல் வழியாத்தான உள்ள போவுது? இருபது வருசமா வாசல்ல இருக்கதை எல்லாம் மிதிச்சிப்போட்டுட்டு. உள்ள இருக்கது நல்லா இருக்கு. அதனாலதான் ஆள் பேசுறது கேக்குது, காது நல்லாத்தான் இருக்குன்னு நெனைச்சிக்கிட்டு இருந்திருக்கீங்க."

"அப்போ இந்தக் கீச்சுச் சத்தம்? அந்தச் சத்தமே எனக்குக் கேக்காதுன்னா இது எப்படிக் கேக்கும்?"

"மூளைக்குள்ளயும் அதே வரிசை இருக்கு. தெருவுல வீட்டு நம்பர் மாதிரி, ஒரு சத்தத்துக்கு ஒரு வீடு. காதுல இருந்து தகவல் வராமப் போயிட்டா அந்த வீடு சும்மா இருக்காது. அதுவா ஒரு சத்தத்தை உண்டாக்கிக்கிடும். எது தொலைஞ்சுதோ அதே சுருதியில. நெறைய பேருக்கு இருக்கு, பயப்படாதிங்க."

"வெளிய இருந்து வருதா உள்ள இருந்து வருதான்னு எப்படித் தெரியும்?"

"தலையைத் திருப்பிப் பாருங்க. உள்ள இருக்கது கூடவே திரும்பும். வெளிய இருக்கது இருந்த எடத்துலயே இருக்கும்."

அவன் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டு எழுந்தான். எழுந்தவன் உட்கார்ந்தான். "பிள்ளையளுக்கு இழுப்பு வந்தா நெஞ்சுல விசில் அடிக்கும்லா. அது இதுல எங்கன இருக்கும்?"

ஜெஸ்லின் பேனாவை எடுத்துச் சட்டென்று இரண்டு புள்ளி வைத்தாள். இரண்டும் கிணற்றுக்குள் இருந்தன. "அது மெல்லிசான சத்தம். உங்களுக்குப் பக்கத்துல படுத்திருந்தாலும் கேக்காது. வீட்டுல பிள்ளைக்கு இழுப்பு இருக்கா? இருந்தா ராத்திரி உங்க வீட்டம்மாவைப் பாத்துக்கிடச் சொல்லுங்க அண்ணாச்சி."

"சரிம்மா" என்றான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தன் ஆள்காட்டி விரலையே பார்த்துக்கொண்டு வந்தான். பிடித்தாள், விட்டாள், பிடித்தாள். விளையாட்டு இல்லை. அந்த நேரம் முழுக்க அந்த அறையில் விசில் ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. வாசலில் போன எவனுக்கும் கேட்டிருக்கும். அவள் முதுகில் காதை வைத்திருந்த ஒருவனைத் தவிர.

மூன்றாம் நாள் மத்தியானம் பத்து நிமிடம் கரண்ட் போனது. வேல்விழி மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தறிகள் அடங்கின. சத்தம் தொடங்கியது. காசிராஜன் அறை நடுவில் நின்று, கண்ணை மூடி, மெதுவாகத் தலையை இடப்பக்கம் திருப்பினான்.

சத்தம் கூடவே திரும்பவில்லை.

வலப்பக்கம் திருப்பினான். இடது காதில் தெளிவாக விழுந்தது. முழுக்கத் திரும்பி நின்றான். முதுகுக்குப் பின்னால் போனது. அது சுவரோரமாக, தரையை ஒட்டி, ஓரிடத்தில் இருந்தது. அவன் மண்டியிட்டான். தவழ்ந்து போனான். போகப் போகப் பெரிதானது. எட்டு மாதமாக வேல்விழி பாய் விரிக்காத இடம். கூட்டும்போதுகூட விளக்குமாறு அதைச் சுற்றித்தான் போகும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், காற்றில், ஏறி, சிக்கி, இறங்கியது. பால் புளித்த மாதிரி, தைல வாசனை கலந்து, காய்ச்சல்கண்ட பிள்ளையின் வாயிலிருந்து வருகிற வாடை மூக்கில் ஏறியது.

கரண்ட் வந்தது. பக்கத்துக் கூடத்தில் தறி அடித்தது. அவன் தவழ்ந்தபடியே பின்னால் வந்து கதவில் முட்டிக்கொண்டான்.

அதற்குப் பிறகு காசிராஜன் இரண்டு ஷிப்டு பார்த்தான். இரைச்சல்தான் மருந்து. சாப்பாட்டையும் கூடத்துக்கே வரச் சொன்னான். தன் காதைத் தின்ற தறிகளுக்கு நடுவில், அவை இன்னும் கொஞ்சம் தின்னட்டும் என்று, நாடாப் பெட்டிக்குப் பக்கத்தில் தலையைச் சாய்த்து நின்றான். உள்ளே இருப்பதும் போகட்டும். எல்லாம் போகட்டும்.

பங்குனி மாதக் கரண்ட் நிறுத்தத்தன்று ஒன்பது மணிக்கு முன்பே, ஊரில் அண்ணனைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லிச் சட்டையை மாட்டினான். வேல்விழி வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்திருந்தாள். பீடித்தட்டு மூலையில் காலியாகச் சாய்ந்திருந்தது.

"எம் மூஞ்சியப் பாக்கப் பிடிக்கலியா ஒங்களுக்கு?"

"அதெல்லாம் இல்ல. வெரசலா வந்திருதேன்."

"ஒரு மாசமா வீட்டுல நிக்க மாட்டேங்கிய. என்னத்தையோ மறைக்கிய. சட்டைப் பையில இந்தக் காயிதம் கெடந்துச்சி." மடங்கிய காகிதத்தை நீட்டினாள். அதில் விழுந்த கோடு. இரண்டு புள்ளி. "எனக்கு இது ஒண்ணும் வெளங்கல. நீங்க சொல்லுங்க. அன்னைக்குச் சத்தம் வந்துச்சா, வரலியா? அத மட்டும் சொல்லுங்க."

மணி ஒன்பது. தெருக்கோடியில் தறிகள் நிற்கத் தொடங்கின. ஒன்று. அடுத்தது. அதற்கடுத்தது. பக்கத்துக் கூடமும் நின்றது.

"வந்திருக்கும் வேலு" என்றான். "எனக்குத்தான் கேக்கல. அந்தச் சத்தம் எங் காதுக்குச் செத்துப்போயி ரொம்ப நாளாச்சாம். எனக்கே தெரியல. முதுகுல காதை வச்சிக் கேட்டேன், மூணு தடவை கேட்டேன். அவ எம் வெரலப் பிடிச்சிக் கூப்பிட்டிருக்கா. நான் விளையாடுதான்னு நெனச்சிட்டு இருந்துட்டேன்."

அவள் அடிப்பாள் என்று நின்றான். அழுவாள் என்று நின்றான். அவள் காகிதத்தை நாலாக மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். தெருவைப் பார்த்தபடியே இருந்தாள். யாரிடமோ கேட்பது போலக் கேட்டாள்.

"அப்போ அன்னைக்கு நீங்க விசில் கேக்குதான்னு கேட்டியளே. அது?"

அவன் சட்டைப் பொத்தானைப் போட்டான், கழற்றினான்.

"இப்பக் கேக்குதா?"

"கேக்குது."

"எங்கன?"

அவன் கை தானாக நீண்டு சுவரோரத்தைக் காட்டியது.

வேல்விழி எழுந்தாள். கண் வேறு மாதிரி ஆகியிருந்தது. பயம் இல்லை. பசித்தவள் மாதிரி இருந்தாள். அந்த இடத்தில் போய்த் தரையில் காதை வைத்தாள். சுவரில் வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். நல்ல காது அவளுக்கு. பக்கத்துத் தெருவில் பிள்ளை அழுதால் யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்வாள். "எனக்கு ஒண்ணுமே கேக்கலியே. நான்தான ஒவ்வொரு ராத்திரியும் கேட்டு எந்திரிச்சேன். எனக்கு ஏன் கேக்கல? ஒங்களுக்கு மட்டும் ஏன் கேக்குது?"

"வேலு, வா. வெளிய போயிருவோம்."

"இழுப்பு எப்படி இருக்கு? கூடுதலா இருக்கா?"

கேட்டான். அந்தச் சத்தத்தைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "கூடுதலாத்தான் இருக்கு."

அவள் பீரோவைத் திறந்து, பிள்ளையின் பாவாடை சட்டைகளுக்கு அடியிலிருந்து அந்தப் பம்பை எடுத்தாள். கூடவே, சின்னப் பிள்ளைகள் மருந்தை இழுப்பதற்கென்று கொடுக்கிற பிளாஸ்டிக் குழாயையும் எடுத்தாள். குழாயின் ஒரு முனையில் முகமூடி. முகமூடிக்குப் பின்னால் மெல்லிய ரப்பர் மடல். பிள்ளை மூச்சை இழுக்கும்போது அது திறக்கும், விடும்போது மூடும், அதை எண்ணித்தான் மருந்து உள்ளே போனதா என்று தாய்மார்கள் பார்ப்பார்கள். பாயை விரித்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, பம்பைக் குழாயில் செருகிக் குலுக்கி, முகமூடியை வெறும் காற்றில் பிடித்தாள்.

"எடம் சரியா இருக்கா?"

"வேண்டாம் வேலு."

"சரியா இருக்கான்னு சொல்லுங்க!"

"கொஞ்சம் கீழ" என்றான். அவன் குரல் அவனுக்கே அந்நியமாக இருந்தது. "செவுத்துப் பக்கமா. ஆங். அங்கனதான்."

அமுக்கினாள். குழாய்க்குள் வெள்ளையாகப் புகை நிறைந்தது.

மடல் திறந்தது.

மூடியது. திறந்தது. புகை கொஞ்சம் கொஞ்சமாக முகமூடிப் பக்கம் நகர்ந்தது. நகர்ந்து, வெளியே கசியாமல், குறைந்தது.

"ஒண்ணு" என்றாள் வேல்விழி. கண்ணீர் கன்னத்தில் ஓடிக்கொண்டிருந்தது. "ரெண்டு. மூணு. அப்படித்தான் மக்கா. நல்லா இழு. நாலு."

இரண்டாவது தடவை அமுக்கினாள். சத்தம் தளர்ந்தது. சிக்கிக்கொண்டிருந்த இடம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது. நீளமாக, இலேசாக இறங்கியது. "கொறையுது வேலு" என்றான். "கொறையுது." அவளுக்கு எதிரில் பாயின் மறு ஓரத்தில் அவனும் உட்கார்ந்துவிட்டிருந்தான். எப்போது உட்கார்ந்தான் என்று தெரியவில்லை. ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். கொஞ்ச நேரம், ஒரு கால் மணி நேரம் இருக்கலாம், அந்த வீட்டில் மூன்று பேர் இருந்தார்கள்.

வேல்விழி குழாயைக் கீழே வைத்துவிட்டு ஒருக்களித்துப் படுத்தாள். எப்போதும் படுப்பது போல, இடது கையை வளைத்துப் போட்டாள். கை பாயில் விழவில்லை. ஒரு சாண் உயரத்தில் நின்றது. மெல்ல மேலே ஏறியது. இறங்கியது. ஏறியது.

"சூடா இருக்கா" என்று கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "எனக்குக் கேக்கலன்னாலும் பரவால்ல. நீங்க சொல்லிட்டே இருங்க. எங் காது இனிமே நீங்கதான்."

அவன் சொல்லிக்கொண்டே இருந்தான். லேசா இருக்கு. லேசாத்தான் இருக்கு.

பிறகு அது ஏறத் தொடங்கியது.

முதலில் அவன் சொல்லவில்லை. கற்பனை என்று நினைத்தான். ஆனால் அவள் கை வேகமாக ஏறி இறங்கியது. அவளே எழுந்து பம்பை எடுத்தாள். அமுக்கினாள். மடல் படபடத்தது. அமுக்கினாள். வெறும் காற்று சீறியது. குலுக்கினாள். அமுக்கினாள். காற்று. மருந்து தீர்ந்திருந்தது.

"கடையில வாங்கிட்டு வாங்க. ஓடுங்க!"

அவன் எழுந்தான். எழ முடியவில்லை. ஆள்காட்டி விரலை ஏதோ பிடித்திருந்தது. சின்னதாக. ஈரமாக. பிடித்தது. விட்டது. பிடித்தது.

"வேலு. என்னய விட மாட்டேங்கா."

வேல்விழி அவன் விரலைப் பார்த்தாள். அதன் நுனி இரத்தம் கட்டிச் சிவந்திருந்தது. அவள் மறுபடி படுத்துக் கையை வளைத்துக்கொண்டாள். நெருக்கமாக. "சரியாப் போயிரும். அம்மா இருக்கேன். அப்பாவும் இருக்காவ. சரியாப் போயிரும்."

சத்தம் மெல்லிசானது. இன்னும் மெல்லிசு. நூல் மாதிரி. தறியில் ஏற்றிய பாவிலிருந்து ஒற்றை இழையை உருவுகிற மாதிரி. ஏறியது. சிக்கியது. இறங்கவில்லை. மறுபடி ஏறியது. தெருவில் ஒரு சத்தமும் இல்லை. ஊரில் இல்லை. அவனுக்குள், இருபது வருடத் தறிச் சத்தத்தில் காலியான அந்த வாசலில், அது மட்டும். ஏறியது.

விரலில் பிடி தளர்ந்தது.

நின்றது.

ஒரு மாதமாக எந்த அமைதியிலும் அவனை விடாத சத்தம். நின்றது. அந்த இடத்தில் இப்போது ஒன்றுமே இல்லை.

வேல்விழியின் கை அசையவில்லை. பாய்க்கு ஒரு சாண் மேலே, எதன் மேலோ படிந்தபடி, ஏறாமல் இறங்காமல் நின்றது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. முகத்தில் அப்படி ஒரு அமைதி.

"என்னங்க" என்றாள் மெதுவாக, எழுப்பிவிடக் கூடாது என்பது போல. "இப்ப இழுக்கலல்லா? சீராயிட்டாளா?"

காசிராஜன் வாயைத் திறந்தான்.

"பிள்ளை ஒடம்பு லேசாக் குளுந்திருக்கு. அந்தப் போர்வைய எடுங்க" என்றாள்.

பதிலுக்குக் காத்திருந்தபடியே அவள் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தாள். கை எழுந்தது. இறங்கியது. பாயைத் தொடாமல், ஒரு சாண் மேலே, வெறும் காற்றில் பட்டு நின்றது. மறுபடி எழுந்தது. இறங்கியது. ஒவ்வொரு தடவையும் மொத்தென்று, கனத்து, ஒரு சத்தம் வந்தது.

அது அவனுக்கு நன்றாகக் கேட்டது.